கோடுகள் இல்லாத இடத்தில் நம் வீடுகள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மேசையில் விரித்திருப்பது நம் டர்பனின் பழைய நிலவரைபடம். இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரு தாள் முடிந்து அடுத்தது தொடங்கும் 31-ஆவது தீர்க்கரேகை ஊருக்குள்ளேயே ஓடுவதால், இரண்டு தாள்களை ஒட்டித்தான் டர்பனை முழுதாகப் பார்க்க முடிகிறது.

இந்தப் பழுப்புக் கோடுகள் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை. பெரீயா மேட்டில் பாருங்கள், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நிலம் அங்கே சட்டென்று ஏறுகிறது. சரி, விரலை வடக்கே உம்கேனி ஆற்றுப் பக்கம் இறக்குங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு வந்ததும் கோடுகள் விலகிப் போய்விடுகின்றன. ஆறு கரை புரண்டால் தண்ணீர் நேராக வந்து நிற்கிற தட்டை நிலம். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த நம்மவர்கள் காய்கறி போட்டது இப்படிப்பட்ட ஆற்றோர நிலங்களில்தான். வண்டல் மண், கைக்கெட்டிய தண்ணீர். மேட்டில் வெள்ளையர் வீடுகள். பள்ளத்தில் நம் தகரக் கொட்டகைகள். டின் டவுன் என்றுதான் அந்த இடத்தைச் சொன்னார்கள்.

1917 அக்டோபரில் உம்கேனி பொங்கியது. கூரைமேலும் மரக்கிளையிலும் ஏறிக்கொண்டு ஜனங்கள் கத்தினார்கள். கரைவலை இழுக்கும் மாரிமுத்து படவட்டனும் அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேரும் படகை அந்த வெள்ளத்துக்குள் தள்ளினார்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பப் போனார்கள். 176 உயிர்களைக் கரை சேர்த்தார்கள். கடலில் அலைபார்த்துப் பழகிய கைகள் ஊருக்குள் துடுப்புப் போட்டதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தெற்கே உம்பிலோ ஆற்றைப் பாருங்கள். 1875-இல் நம் முன்னோர் எழுப்பிய அம்பலவாணர் ஆலயம் அந்தக் கரையில்தான் இருந்தது. 1905 வெள்ளம் அதைக் கொண்டுபோனது. சாமிக்கும் கிடைத்தது பள்ளந்தான்.

அப்புறம் 1950-இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. ஊரையே பிரித்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அது உங்களுக்கே தெரியும்.

படத்தில் ஆறு இருக்கிறது, பாதை இருக்கிறது. எந்தத் தோட்டம் யாருடையது, எங்கே யார் கிணறு வெட்டினார்கள் என்பது இல்லை. அதனால் படத்தின்மேல் மெல்லிய தாள் ஒன்றை விரித்திருக்கிறேன். பக்கத்தில் பென்சில் இருக்கிறது. பாட்டிமார்கள் முதலில் வாருங்கள். உங்கள் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று காட்டினால் போதும், நான் குறித்துக்கொள்கிறேன்.