கட்டியை எடுத்தாச்சு, அப்புறம்?

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மார்பில் புற்றுக்கட்டி வந்து ஆபரேஷன் முடிந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் கையில் இருக்கா?" என்றுதான். முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து வரும் பீடி சுற்றும் பெண்கள் பலரும், "அதான் எடுத்தாச்சே டாக்டரம்மா, இனி அது எதுக்கு?" என்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எல்வுட் ஜென்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இல்லையென்றால் அந்த வரி நமக்குக் கிடைத்திருக்காது.

ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகச் சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன். பெண்பிள்ளை வயதுக்கு வருவதற்கும், கருப்பை வளர்வதற்கும், எலும்பு உறுதியாக இருப்பதற்கும் அது வேண்டும். மாதவிலக்கு நின்றபின் அது குறைந்துவிடுவதால்தான், ஆச்சிமார் முற்றத்தில் லேசாக வழுக்கினாலும் இடுப்பெலும்பு முறிந்துபோகிறது. 1929-லேயே ஈஸ்ட்ரோஜன் வகை ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடவில்லை. உடம்பிலுள்ள நொதிகள் அந்த ஹார்மோனை என்ன செய்கின்றன என்றே பலரும் தேடிக்கொண்டிருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜென்சன் வேறு கேள்வி கேட்டார். ஹார்மோன் எங்கே போய்த் தங்குகிறது?

கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்து, இளம் பெண் எலிகளுக்கு மிக மிகக் கொஞ்சமாக ஊசியில் ஏற்றினார். கதிரியக்கம் இருப்பதால் அது போகும் இடமெல்லாம் அளந்து பார்க்கலாம். ரத்தம், ஈரல், தசை எல்லாவற்றிலும் அது வந்தது, சீக்கிரமே வடிந்தும் போனது. கருப்பை போன்ற சில இடங்களில் மட்டும் மணிக்கணக்கில் தங்கியது, அதுவும் உருமாறாமல். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் எல்லா வயலையும் தொட்டுத்தான் போகும், மடை திறந்திருக்கும் வயலில்தானே பாயும்? அதுபோல, ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் சில திசுக்களில் இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர்.

1958-இல் வியன்னா மாநாட்டில் ஜென்சன் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் ஐந்தே பேர். அதில் மூன்று பேர் அடுத்துப் பேச வேண்டியவர்கள். அவர் விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஏனென்றால் மார்பகப் புற்று சிலருக்கு ஈஸ்ட்ரோஜனால் வளரும். அதைக் குறைக்கத்தான் அந்தக் காலத்தில் புற்று முற்றிய பெண்களுக்குச் சினைப்பையையோ, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியையோ எடுத்துவிடுவார்கள். பலன் கிடைத்தது சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் சும்மா கத்திபட்டார்கள். கட்டியில் ஏற்பி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்தால் யாருக்குப் பலிக்கும் என்று சொல்லிவிடலாம் என்பதை ஜென்சன் காட்டினார்.

இன்று மார்பகப் புற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த ஏற்பி உள்ளவை. அப்படி ஏற்பி உள்ள கட்டி வந்தவர்களுக்குத்தான் டமாக்சிஃபன் மாத்திரை. முதலில் கருத்தடைக்கென்று பார்க்கப்பட்டு அதற்கு உதவாமல் போன மருந்து அது. மார்பில் ஈஸ்ட்ரோஜனை அண்டவிடாது. விசித்திரம் என்னவென்றால், மாதவிலக்கு நின்றவர்களின் எலும்பிலும் கருப்பையிலும் அதுவே ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்ளும். எலும்புக்கு அது நல்லது. கருப்பைக்கு அப்படியில்லை. அதனால் இந்த மாத்திரை சாப்பிடும்போது, மாதவிலக்கு நின்ற பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம்கூட, தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை இது. "உடம்பு தேறிட்டே, எதுக்கு மாத்திரை?" என்று பாதியில் நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. உடம்பு காந்துகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றால் வந்து சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது.

சரி, ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? ஈ.ஆர்., பி.ஆர். என்று எழுதி, பக்கத்தில் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று போட்டிருக்கும். ஈ.ஆர். என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். என்றால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனின் ஏற்பி. பாசிட்டிவ் என்றால் ஏற்பி இருக்கிறது, நெகட்டிவ் என்றால் இல்லை. அந்த வரியே இல்லையென்றால் சோதனை செய்யவில்லையா என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் பரவாயில்லை. எடுத்த கட்டியின் சிறு துண்டை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். அதிலிருந்தே ஏற்பி சோதனையைச் செய்துவிடலாம்.