இப்போது மனம் எப்படி இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மனம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? "பரவாயில்லை" என்போம், இல்லையென்றால் "ரொம்ப மோசம்" என்போம். அந்தப் பதிலில் போன வாரம் கொஞ்சம்தான் இருக்கும். மிகவும் வலித்த ஒரு நேரமும், கேள்வி கேட்ட நிமிடத்தில் இருக்கும் மனநிலையும் சேர்ந்து மீதியை நிரப்பிவிடும். அதனால், நடந்து முடிந்தபிறகு கேட்காமல் நடக்கும்போதே கேட்டால் என்ன என்று 1970களில் சில உளவியலாளர்கள் யோசித்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மிகாய் சிக்சென்ட்மிகாயும் ரீட் லார்சனும் ஆட்களிடம் பேஜரைக் கொடுத்து அனுப்பினார்கள். அது எப்போது ஒலிக்கும் என்று தெரியாது. ஒலித்ததும், என்ன செய்துகொண்டிருக்கிறோம், மனம் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது.

ஒரு நாளைக்கு 6 முறை, 14 நாள் என்றால் ஒருவரிடமிருந்து 84 பதில்கள். 100 பேர் என்றால் 8,400. தரவு குவிந்துவிட்டது, இனிச் சராசரி எடுத்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். 8,400 பதில்கள் 8,400 மனிதர்கள் ஆகிவிடாது. ஒருவருடைய 84 பதில்களும் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர் எலன் ஹமாக்கர் தரும் உதாரணத்தைச் சொல்கிறேன். வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கும் மெதுவாகச் செய்பவர்களுக்கும் எத்தனை பிழை வருகிறது என்று பாருங்கள். வேகமானவர்களுக்குப் பிழை குறைவு, ஏனென்றால் அவர்கள் பழகிய கைகள். சரி, அப்படியானால் நீங்களும் வேகத்தைக் கூட்டினால் பிழை குறையுமா? கூடத்தான் செய்யும். ஆட்களுக்கு இடையே பார்த்தால் ஒரு திசை, ஒரே ஆளுக்குள் பார்த்தால் நேர் எதிர்த் திசை. பதற்றம், தூக்கம், தனிமை எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் வரலாம். கூட்டத்தைப் பார்த்து அறிந்ததை ஒரு தனி மனிதர்மேல் அப்படியே சுமத்தக்கூடாது என்று உளவியல் ஆய்வாளர் பீட்டர் மொலெனார் 2004-இல் அழுத்தமாக எழுதினார். எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

இதற்கு, இந்தப் பதில்களை ஆராயும் நாங்கள் செய்வது எளிய வேலை. ஒருவருடைய ஒவ்வொரு பதிலிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்துவிடுவோம். மிஞ்சுவது, வழக்கமான தன்னிலிருந்து அவர் அந்த நேரம் எவ்வளவு விலகியிருந்தார் என்பது. சராசரி தனியாக ஆட்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சொல்லும், விலகல் ஆளுக்குள் நடப்பதைச் சொல்லும். பல்நிலை மாதிரி என்ற முறை இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டு, ஒன்று கூடினால் (தூக்கம் என்று வையுங்கள்) இன்னொன்று (பதற்றம்) எப்படி மாறுகிறது என்று காட்ட, ஒவ்வொருவருக்கும் அவருக்கென்று ஒரு கோடு வரையும். சில பதில்களே தந்தவரின் கோடு கூட்டத்தின் கோட்டுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும்.

அப்புறம், நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கோபம் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது? கோபத்தை 0 முதல் 100 வரை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒருவருடைய கோபம் அவருடைய வழக்கத்தைவிட 20 கூடுதல். அடுத்த முறை கேட்கும்போது பாதி மிஞ்சுகிறது என்றால் 10, அதற்கடுத்து 5. இன்னொருவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 20 என்பது 4 ஆகி, அடுத்து 1-க்கும் கீழே போய்விடும். இருவரின் சராசரிக் கோபமும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் வாழும் நாள் ஒன்றல்ல. 2016-இல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரே ஒருவர், 239 நாட்கள், ஒரு நாளைக்கு 10 முறை வரை பதில் தந்தார். மனச்சோர்வுக்கு அவர் எடுத்துவந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சோர்வு திரும்பி வந்தது. அது வருவதற்கு முன்பே, ஒரு நேரத்து மனநிலை அடுத்த நேரத்துக்கு ஒட்டிக்கொண்டு போவது கூடியிருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒருவரிடம் கண்டதைக் கூட்டத்தின்மேல் சுமத்துவதும் அதே பிழைதான்.

என்னை அதிகம் உறுத்துவது வராத பதில்கள். மனம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் 100-க்குத் தந்த எண்களைத் திரையில் பார்ப்பேன். காலையில் 61, அப்புறம் 58, பிறகு 33, அதற்குப் பின் மூன்று முறை வெற்றிடம், மறுநாள் 40. அந்த மூன்று முறையும் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாரா, கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாரா? முதலாவது என்றால் கணக்கு சமாளித்துக்கொள்ளும். இரண்டாவது என்றால், நாங்கள் அளக்க வந்ததே அந்த வெற்றிடத்துக்குள் போய்விட்டது. எந்தச் சூத்திரத்தாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

அதனால் இப்படிப்பட்ட ஆய்வு ஒன்றில் நீங்கள் என்றாவது சேர்ந்தால், ஒரு வேண்டுகோள். மனம் சரியில்லாத நேரத்தில் கைப்பேசி ஒலித்தால், முடிந்தால் ஒரே ஓர் எண்ணையாவது தட்டிவிடுங்கள். முடியவில்லையென்றால், மனம் தேறியபிறகு ஏன் முடியவில்லை என்று ஒரு வரி சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காக நாங்கள் காத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.