ஜெயித்தபோது அடித்தார்கள், தோற்றபோது கொண்டாடினார்கள்: கிறிஸ் ஃப்ரூமுக்கு என்ன நடந்தது?

(தொடக்கக் காட்சி: மலைப்பாதை, இருபுறமும் கூட்டம், புகை)

2018 ஜூலை 19. பிரான்சில் ஆல்ப் டுவெஸ் மலை. நான்கு முறை டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டம் வென்ற ஒருவர் மூச்சு வாங்க மிதித்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். ஓரத்துக் கூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டு அவர் மேல் அடி விழுகிறது. சுற்றிலும் கூச்சல், ஏளனம்.

2022 ஜூலை 14. அதே ஆல்ப் டுவெஸ். அதே மனிதர். இரண்டு வருடமும் பந்தயத்தின் 12-வது நாள் கட்டம்தான் இந்த மலையில் முடிந்தது. இந்தத் தடவை அவர் மூன்றாவதாக வருகிறார், அதுவும் முதலில் வந்தவருக்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் பின்னால். ஆனால் அன்று உலகம் முழுக்க இருந்த சைக்கிள் ரசிகர்கள் அவரைக் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள்.

அவர் பெயர் கிறிஸ் ஃப்ரூம். ஒரு சாம்பியன் உச்சத்தில் இருந்தபோது வெறுத்தவர்கள், அவர் சரிந்த பிறகு ஏன் நேசிக்கத் தொடங்கினார்கள்? இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான். சைக்கிள் பந்தயமே பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை, கடைசி வரை இருங்கள்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1985-இல், கென்யாவின் நைரோபியில். பிரிட்டனின் ஸ்கை அணிக்காக ஓட்டினார். 2013, 2015, 2016, 2017 என நான்கு டூர் டி ஃபிரான்ஸ் பட்டங்கள். 2018-இல் ஜிரோ டி இத்தாலியா என்ற இத்தாலியப் பந்தயம். ஸ்பெயினின் வுவெல்டா இரண்டு. மூன்று வாரம் நடக்கிற பெரிய பந்தயங்களில் மொத்தம் ஏழு பட்டங்கள். முன்கதை அவ்வளவுதான்.

இவ்வளவு ஜெயித்த ஒருவரை எதற்காக வெறுத்தார்கள்? கால வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். ஊக்கமருந்து விவகாரத்தில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்கள் பறிக்கப்பட்டது 2012-இல். ஃப்ரூமின் முதல் பட்டம் 2013-இல். ஏமாந்துபோன ரசிகர்கள் முன்னால், மலையில் யாரும் தொட முடியாத வேகத்தில் அடுத்த ஆள் வந்து நின்றார். ஆம்ஸ்ட்ராங்மேல் இருந்த ஆத்திரம் அப்படியே இவர்மேல் இறங்கியது. 2015 டூரில் ஒரு பார்வையாளர் கோப்பையில் சிறுநீரைப் பிடித்து அவர்மேல் வீசினார். ஆமாம், சிறுநீர். மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் போடுகிற மஞ்சள் ஜெர்சியைப் போட்டிருந்த ஆள்மேல், ஓடுகிற பந்தயத்தில்.

அப்புறம் 2017 வுவெல்டாவில் எடுத்த மாதிரியில், ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்துகிற சால்பியுடமால் அனுமதித்த அளவைவிட அதிகமாக இருந்தது. மாதக்கணக்கில் விசாரணை. 2018 ஜூலை 2-ஆம் தேதி உலக சைக்கிள் சங்கம் அவர்மேல் தவறில்லை என்று வழக்கை முடித்தது. ஐந்து நாள் கழித்து டூர் தொடங்கியது. அந்தச் சூட்டோடுதான் ஆல்ப் டுவெஸ் கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. அன்று ஜெயித்தது அவருடைய அணித்தோழர் ஜெரைன்ட் தாமஸ். மேடை ஏறிய அவருக்கும் அதே கூச்சல்தான் கிடைத்தது. அதே ஏற்றத்தில், கூட்ட நெரிசலில் கீழே விழுந்த இத்தாலி வீரர் வின்சென்சோ நிபாலிக்கு முதுகெலும்பு முறிந்து அவர் பந்தயத்தை விட்டே போனார். ரசிகர்களுடைய கோபம் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

(திரையில்: ரோஆன் நகரம், 2019 ஜூன் 12)

இப்போது எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட நாளுக்கு வருவோம். டோஃபினே என்ற பந்தயத்தின் நான்காம் கட்டம், தனித்தனியாக நேரத்தோடு போட்டி போடுகிற நாள். அதற்கு முன் பாதையை ஒரு தடவை பார்த்து வரக் கிளம்பினார் ஃப்ரூம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர், மூக்கைச் சிந்த ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தார். அந்த நொடியில் பக்கவாட்டில் ஒரு காற்று. முன்சக்கரம் திரும்பியது. நேராகச் சுவரில் போய் மோதினார். வலது தொடை எலும்பு, முழங்கை, இடுப்பு, விலா எலும்புகள் என வரிசையாக முறிவு. மணிக்கணக்கில் அறுவைச் சிகிச்சை. அப்போது வயது 34.

அவர் குணமாகிக்கொண்டிருந்தபோதே இன்னொன்றும் நடந்தது. 2011 வுவெல்டாவில் முதலிடம் பிடித்திருந்த ஹுவான் ஹோசே கோபோவின் பட்டம் ஊக்கமருந்து விதிமீறலுக்காகப் பறிக்கப்பட்டு, எட்டு வருடம் கழித்து இரண்டாம் இடத்தில் இருந்த ஃப்ரூம் கைக்கு வந்தது. எழுந்து நடக்கவே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு பெரிய பந்தயத்தின் வெற்றியாளர் ஆனார். பட்டம் வந்தது, ஆனால் கால் பழைய கால் இல்லை. தொடை எலும்பு முறிந்தால் சுற்றியுள்ள தசை கரைந்துவிடும். ஒரு கால் இன்னொரு காலுக்குச் சமமாக மிதிக்க மறுபடி பழக வேண்டும். மலையேற்றத்தில் முக்கால் மணி நேரம் இடைவிடாமல் உச்ச பலத்தோடு மிதிக்க வேண்டிய ஒருவருக்கு, இரண்டு காலுக்கும் நடுவே கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலே கதை முடிந்தது.

2021-இல் இஸ்ரேல் ஸ்டார்ட்-அப் நேஷன் அணிக்கு மாறி டூருக்குத் திரும்பினார். முதல் நாளே, பலர் ஒன்றாக மோதிச் சரிந்த ஒரு பெரிய குவியலில் விழுந்தார். ஆனாலும் விடவில்லை. பாரிஸ் வரை வந்தார். 141 பேர் முடித்த பந்தயத்தில் 133-வது இடம்.

அந்த மூன்று வாரம் அவர் எங்கே ஓட்டினார் தெரியுமா? க்ருப்பெத்தோ என்ற கடைசிக் கூட்டத்தில். மலை நாட்களில், ஏற முடியாதவர்கள் எல்லாம் பின்னால் ஒன்று சேர்ந்து ஒரு குழுவாக வருவார்கள். அதில் பெரும்பாலும் கடைசி வேகப் பாய்ச்சலில் ஜெயிக்கிற கனத்த உடம்பு ஸ்பிரிண்டர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், விழுந்து அடிபட்டவர்கள். முன்னால் யார் ஜெயிக்கிறார்கள் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. குறித்த நேரத்துக்குள் கோட்டைத் தாண்டவில்லை என்றால் பந்தயத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள் என்பதால், இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே மிதிப்பார்கள். நான்கு முறை மஞ்சள் ஜெர்சியோடு பாரிஸ் போனவர் அந்தக் கூட்டத்தில், ஜெர்சி ஜிப்பை மார்பு வரை திறந்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். முன்பு இவரால் பின்தள்ளப்பட்டவர்கள் பார்த்த டூர் எது என்பதை அவர் அங்கேதான் பார்த்தார்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்ததும் அப்போதுதான். ஒரு பக்கம், 'போதும் ஐயா, பெயர் கெடுவதற்குள் நிறுத்திவிடுங்கள்' என்றார்கள். ஓர் இளைஞனுக்குக் கிடைக்க வேண்டிய இடம் வீணாகிறது, இத்தனை பெரிய சம்பளம் எதற்கு என்று கேட்டார்கள். டிஸ்க் பிரேக் சரியில்லை என்று அவர் குறை சொன்னால் கேலி. சைக்கிளில் உட்காரும் நிலையே பழைய அணியில் இருந்த அளவிலிருந்து மாறிப்போயிருந்தது என்று சொன்னால் இன்னும் பெரிய கேலி. இன்னொரு பக்கம், அவரைப் பிடிக்காமல் இருந்த ஆட்களே மெல்ல மெல்ல, 'மனுஷன் விடமாட்டேன் என்கிறாரே' என்று பேச ஆரம்பித்தார்கள்.

சரி, இப்போது 2022 ஆல்ப் டுவெஸ். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். இதற்காகத்தான் வீடியோவே போடுகிறேன்.

(திரையில்: 21 கொண்டை ஊசி வளைவுகள், கீழிருந்து மேலாக)

ஆல்ப் டுவெஸ் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் ஏற்றம். 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இங்கே ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கும். ஏழாவது வளைவு முழுக்க நெதர்லாந்து ரசிகர்கள், ஒரே ஆரஞ்சு நிறம். ஃப்ரூமின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. நான்கு டூர் ஜெயித்தும் இந்த மலையில் அவர் ஒரு தடவைகூட முதலில் வந்ததில்லை.

அன்றைய பாதை பிரியான்சோனில் தொடங்கி, கலிபியே மலை, குரோவா து ஃபேர் மலை, கடைசியில் ஆல்ப் டுவெஸ். கலிபியே இறக்கத்தில் டாம் பிட்காக் என்ற 22 வயதுப் பையன் பைத்தியம் பிடித்ததுபோல வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து பறக்கிறான். கூடவே ஃப்ரூமும் கிளம்பி வருகிறார். யோசித்துப் பாருங்கள், காற்றில் ஒரு கையை எடுத்ததால் உயிர் போய் வந்த மனிதர், மூன்று வருடம் கழித்து அப்படி ஓர் இறக்கத்தில் இறங்கி வருகிறார்! ஏற்றத்தில் ஓர் இளைஞனைத் துரத்துவதற்கு வேண்டியது கால் பலம். இறக்கத்தில் துரத்துவதற்கு வேண்டியது பயத்தை மறப்பது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இருவருமாக முன்னால் போன குழுவைப் பிடித்தார்கள். இன்னொரு விஷயம்: பிட்காக் ஓட்டியது ஃப்ரூமின் பழைய அணிக்காக. ஸ்கை அணிதான் பெயர் மாறி இனியோஸ் ஆகியிருந்தது. ஃப்ரூம் முதல் டூர் ஜெயித்தபோது பிட்காக்குக்கு வயது 13. மலை தொடங்கியதும் பிட்காக் தாக்கினான், தனியாகப் போய் ஜெயித்தான். இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் லூயி மெயின்ச்சஸ். மூன்றாவது, 37 வயது ஃப்ரூம். முழங்கை இரண்டும் வெளியே விரிய, கீழே பார்த்தபடியே மிதிக்கிற அந்தப் பழைய பாணி. ஸ்கை காலத்தில் 'சிலந்தி மாதிரி அசிங்கமாக ஓட்டுகிறார்' என்று கிண்டல் அடிக்கப்பட்ட அதே பாணியைப் பார்த்துத்தான் அன்று பலருக்குக் கண் கலங்கியது.

அந்தப் பந்தயத்தை அவரால் முடிக்க முடியவில்லை. சில நாளிலேயே கோவிட் தொற்றால் விலகினார். அதற்குப் பிறகு டூரில் அவர் ஓட்டவே இல்லை.

எனக்கு இந்த ரசிகர் மனம் ஒரு பக்கம் பிடிக்கிறது, ஒரு பக்கம் கோபமும் வருகிறது. ஒருவர் துன்பப்படுவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவரை மனிதராக ஏற்போம் என்றால், ஜெயித்த நாட்களில் அவர் பட்ட துன்பம் எங்கே போனது? 2013-இலும் அவர் இதே மலைகளில்தான் நெஞ்சு வெடிக்க ஏறினார். அணி கட்டுக்கோப்பாக இருந்தது, அவர் முகத்தில் வலி தெரியவில்லை, அதனால் எந்திரம் என்று சொல்லிவிட்டோம்.

இது ஃப்ரூமுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. எடி மெர்க்ஸ், ஐந்து டூர் வென்ற பெல்ஜியம்காரர். சைக்கிள் வரலாற்றிலேயே அவருக்கு மேல் யாரும் இல்லை என்பது என் முடிவு. 1975-இல் புய் து டோம் மலை உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பார்வையாளர் அவர் வயிற்றுப் பக்கம் ஓங்கிக் குத்தினார். மஞ்சள் ஜெர்சி, மலை, கூட்டத்திலிருந்து நீண்ட ஒரு கை. 2018-க்கு 43 வருடம் முன்னாலேயே கிட்டத்தட்ட இதே காட்சி! இரண்டு நாள் கழித்து பிரா லூ ஏற்றத்தில் மெர்க்ஸின் சக்தி ஒரேயடியாகத் தீர்ந்தது, பிரான்ஸ் வீரர் பெர்னார் தெவனே அவரைத் தாண்டிப் போனார். பிறகு ஒரு நாள் கீழே விழுந்து கன்ன எலும்பு உடைந்தது. உணவை மெல்ல முடியாத நிலையிலும் பாரிஸ் வரை ஓட்டி இரண்டாவதாக வந்தார். ஐந்து வெற்றியிலும் கிடைக்காத மரியாதை பிரான்சில் அந்த இரண்டாம் இடத்துக்குக் கிடைத்தது. 1977-இல் அவர் கடைசி டூர். எந்த மலையில் மொத்தமாக நொறுங்கினார் தெரியுமா? ஆல்ப் டுவெஸ். பத்து நிமிடங்களுக்கும் மேல் இழந்தார். முடிவில் ஆறாம் இடம்.

பிரிட்டனின் ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஃப்ரூம் பிறந்தது 1985 மே 20. கேவண்டிஷ் பிறந்தது மே 21, அடுத்த நாள்! 2012 டூரில் இருவரும் ஒரே அணி. 2020-இல் 'இதுவே என் கடைசிப் பந்தயமாக இருக்கலாம்' என்று கேமரா முன் அழுத கேவண்டிஷ், 2021-இல் நான்கு கட்டங்கள் ஜெயித்து டூரில் மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகளைச் சமன் செய்தார். 2024-இல், 39 வயதில், சான் வுல்பாவில் 35-வது. 'கேவண்டிஷால் முடிந்தது ஃப்ரூமால் ஏன் முடியவில்லை' என்று நிறையப் பேர் கேட்டார்கள். இந்த ஒப்பீடு நியாயமே இல்லை. ஸ்பிரிண்டர் நாள் முழுக்கக் கூட்டத்துக்குள் ஒளிந்து வரலாம். லாரிக்குப் பின்னால் ஒட்டி சைக்கிள் விடுகிறவருக்குக் காற்றே உறைக்காதது மாதிரி. அவர் கணக்கைத் தீர்க்க வேண்டியது கடைசி 200 மீட்டரில். மலையில் வேகம் குறைவு, காற்று மறைப்பால் கிடைக்கும் லாபமும் குறைவு. அங்கே குறைபட்ட காலை எங்கேயும் மறைக்க முடியாது.

2023-இல் அணி அவரை டூருக்கு எடுக்கவில்லை. கொடுத்த காசுக்கு ஏற்றதைப் பெறவில்லை என்கிற தொனியில் அணி உரிமையாளர் சில்வன் ஆடம்ஸ் வெளிப்படையாகவே பேசினார். ஒப்பந்தம் போட்டவர் கேட்கிற கேள்வியில் நியாயம் இருக்கலாம். ஆனால் 'மானத்தோடு ஓய்வு பெறு' என்று எழுதுகிற ரசிகர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவருக்கு 133-வதாக வருவதில் வெட்கம் இல்லை, நமக்கு ஏன்? நம் ஞாபகத்தில் இருக்கும் மஞ்சள் ஜெர்சி அழுக்காகக் கூடாது என்பதற்காக அவர் தனக்குப் பிடித்த வேலையை விட வேண்டுமா? எனக்கு அதில் உடன்பாடில்லை.

2025 ஆகஸ்டில், 40 வயதில், தெற்கு பிரான்சில் பயிற்சியின்போது மறுபடி விழுந்தார். ஹெலிகாப்டரில் தூலோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து விலா எலும்புகள் முறிவு, நுரையீரல் பாதிப்பு, முதுகெலும்பில் முறிவு. இதயத்தைச் சுற்றியுள்ள உறையும் கிழிந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் சம்பளக் கணக்குப் பேச்சு எல்லாம் அடங்கி, பிழைத்து வந்தால் போதும் என்றுதான் எல்லோரும் வேண்டினார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. 2018-இல் அந்த மலை ஓரத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மனதில் பட்டதைக் கமெண்டில் எழுதுங்கள், நான் படிப்பேன். அடுத்த வீடியோவில் ரேமோன் புலிடோர். எட்டு முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்து டூர் மேடையில் நின்றவர், ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி போடாதவர், பட்டம் வென்றவர்களைவிட அதிகமாகப் பிரான்ஸ் நேசித்த மனிதர். தவறவிட வேண்டாம், சப்ஸ்கிரைப் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.