பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விலை

வணக்கம். 26 வருடமாகச் சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுகிறேன். வண்டியில் ஏறும் நம் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, பாலத்தைத் தாண்டி மலேசியா போனா பெட்ரோல் பாதி விலைகூட இல்லையே, இங்க மட்டும் ஏன் இப்படி?" பச்சை விளக்கு எரிவதற்குள் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் எண்ணெயின் அடக்க விலையைப் பார்ப்போம். ஜூரோங் தீவிலும் புக்கோம் தீவிலும் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. சிங்கப்பூர்ச் சந்தையில் பெட்ரோல் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் மலேசியாவும் ஆஸ்திரேலியாவும்கூடத் தங்கள் கணக்கைத் தொடங்குகின்றன. ஆக, சரக்கின் விலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மேல் அரசாங்கம் எதைக் கூட்டுகிறது, எதைக் கழிக்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

இங்கே கூட்டுகிறார்கள். 2021 பிப்ரவரியில் 95 ரகப் பெட்ரோலுக்கான தீர்வை லிட்டருக்கு 56 காசிலிருந்து 66 காசானது. 98 ரகத்துக்கு 64 காசு 79 ஆனது. 45 லிட்டர் 95 போட்டால் தீர்வை மட்டும் 29 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 70 காசு. அதையும் சேர்த்த தொகைக்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. நம் நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏற்கெனவே சாலையாகக் கிடக்கிறது, இனி அகலப்படுத்த இடமில்லை. அதனால் கார் வாங்குவதும் கடினம், வைத்திருப்பதும் செலவு. 1,600 சீசி பெட்ரோல் காருக்கு இங்கே ஆண்டுச் சாலை வரி 740 வெள்ளிக்குப் பக்கம். அதே அளவு காருக்குத் தீபகற்ப மலேசியாவில் 90 ரிங்கிட். சபா, சரவாக்கில் அதைவிடவும் குறைவு.

மலேசியாவில் கழிக்கிறார்கள். எண்ணெய் எடுக்கும் நாடு; மக்களுக்கு மானியம் கொடுத்து விலையைத் தாழ்த்தி வைத்தது. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி 95 பெட்ரோலை 1 ரிங்கிட் 99 சென்னுக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த 95 வரும் மஞ்சள் குழாயை வெளிநாட்டு வண்டிகள் 2010 முதலே தொடக்கூடாது. அவர்கள் வரிப்பணத்தில் கொடுக்கும் மானியம், அவர்களுக்குத்தான். அது நியாயம் என்றுதான் நான் பயணிகளிடம் சொல்வேன்.

அங்கே போய் நிரப்பிக்கொண்டு வராமலிருக்க நம் பக்கத்திலும் தடை உண்டு. 1989-இல் அரைத் தொட்டி, 1991-இலிருந்து முக்கால் தொட்டி பெட்ரோல் இருந்தால்தான் சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்டலாம். ஒருமுறை மச்சான் காரில் ஜொகூர் கண்ணாடிக் கோயிலுக்குக் கிளம்பினோம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாரி குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் முக்கால் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. அவ்வளவுதான், வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். பின்சீட்டில் அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

வேறு நாடாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. என் தம்பி கடலூரில் இருக்கிறான். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, பங்கில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையில் நிற்கும். இந்தியாவில் பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநிலம்தான் விற்பனை வரி போடுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு 3 ரூபாய் குறைத்தபோது ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அரசே சொன்னது. சின்ன ஊரான புதுச்சேரி குறைத்துக்கொள்ளலாம். பெரிய மாநிலத்துக்கு அந்தப் பணத்தை வைத்துச் செய்ய வேண்டிய வேலை நிறைய.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். டீசல் டாக்சிக்கு ஆண்டுக்கு ஒரு தனி வரி இருந்தது. 2017-இல் அதில் 850 வெள்ளியைக் குறைத்து, பதிலுக்கு லிட்டருக்கு 10 காசு தீர்வை வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 850 வெள்ளிக்கு 8,500 லிட்டர், நாளைக்கு 23 லிட்டர் சொச்சம். ஒருவரே ஓட்டும் வண்டிக்கு ஏறக்குறையச் சரியாகப் போகும். பகலும் இரவும் இரண்டு பேர் மாற்றி ஓட்டும் வண்டிக்குக் கட்டாது. அப்புறம் இன்னொன்று: தனி வரி கட்டியது நிறுவனம், டீசல் போட்டது ஓட்டுநர். 2019-இல் தீர்வை 20 காசானது, தனி வரியில் மீண்டும் 850 குறைந்தது. என் கைக்காசு கூடுதலாகப் போனாலும் அந்த மாற்றம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவு கட்டுவது, சும்மா நிற்கும் வண்டிக்கும் கட்டுவதைவிட நேர்மையானது.

இப்போது மின்சார வண்டிகள் வந்துவிட்டன. அதற்கு லிட்டர் கணக்கு இல்லை. அதனால் தீர்வைக்குப் பதிலாக மின்சாரக் கார்களின் சாலை வரியில் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் தேக்கா சந்தைக்குப் போய்வருகிறவருக்கும் அதே 700, தினமும் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கிறவருக்கும் அதே 700. எனக்கு அது லாபம்தான். ஆனாலும், ஓடுகிற தூரத்துக்கு வரி என்று ஒரு நாள் பேச்சு வந்தால், ஓட்டுநர்கள் பக்கத்திலிருந்து அதை ஆதரித்துப் பேச நான் வருவேன்.