18ஆம் நூற்றாண்டு லண்டன் நாடகங்கள்: நோட்டீஸை எவ்வளவு நம்பலாம்?

[திரையில்: பழுப்பேறிய நாடக நோட்டீஸ் ஒன்று]

வணக்கம். 1741 அக்டோபர் 19, லண்டன். நகரின் கிழக்குப் பக்கம் குட்மன்ஸ் ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு அரங்கு அன்றைக்கு ஓர் இசைக் கச்சேரிக்கு நோட்டீஸ் அடித்திருக்கிறது. டிக்கெட் மூன்று ஷில்லிங், இரண்டு ஷில்லிங், ஒரு ஷில்லிங். கச்சேரி இரண்டு பகுதியாக நடக்குமாம். நடுவே ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகம், அதுவும் இலவசமாக. ரிச்சர்டாக நடிப்பவருக்குப் பெயர் போடவில்லை. ‘இதுவரை எந்த மேடையிலும் தோன்றாத ஒரு கனவான்’ என்று மட்டும் இருக்கிறது.

ஐந்து அங்க நாடகத்தை யாராவது கச்சேரி இடைவேளையில் போடுவார்களா? போடமாட்டார்கள். 1737இல் வந்த உரிமச் சட்டம் டிரூரி லேன், கோவன்ட் கார்டன் என்ற இரண்டு அரங்குகளைத் தவிர வேறு எங்கும் காசு வாங்கிக்கொண்டு நாடகம் போடக்கூடாது என்றது. சரி, காசு கச்சேரிக்கு, நாடகம் சும்மா என்று மேனேஜர் ஹென்றி கிஃபர்ட் நோட்டீஸிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்.

அந்தக் கனவான் யார் தெரியுமா? டேவிட் காரிக். அந்த நூற்றாண்டின் ஆகப்பெரிய நடிகர். ‘எந்த மேடையிலும் தோன்றாத’ என்பதும் பொய்தான். அதே வருடக் கோடையில் இப்ஸ்விச் ஊரில் லிடல் என்ற பெயரில் இதே கம்பெனியோடு நடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

[திரையில்: செய்தித்தாள் விளம்பரப் பத்திகள்]

இந்தக் காலத்து நாடகங்களை ஆராய வருகிறவர் கையில் முதலில் கிடைப்பது இந்த மாதிரி நோட்டீஸ்களும், அன்றைய செய்தித்தாள் விளம்பரங்களும்தான். இரண்டும் ‘இன்று மாலை இது நடக்கும்’ என்று சொல்கின்றன. நடந்ததா என்று சொல்வதில்லை. நாயகிக்குக் காய்ச்சல் வந்து மதியமே நாடகம் மாறியிருக்கலாம். காலையில் அச்சான விளம்பரத்துக்கு அது எப்படித் தெரியும்?

அதனால்தான் பிராம்ப்டரின் நாட்குறிப்பு கிடைத்தால் ஆய்வாளர்கள் விடமாட்டார்கள். பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆள். மேடையில் நடப்பது எல்லாம் அவர் கண்ணில்தான் படும். டிரூரி லேனில் 1747 முதல் ரிச்சர்ட் கிராஸ், அவருக்கு அப்புறம் வில்லியம் ஹாப்கின்ஸ் என இரண்டு பிராம்ப்டர்கள் எழுதிய குறிப்புகள் இன்று வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கின்றன. யார் சொதப்பினார்கள், எதற்குக் கைதட்டல், எதற்குக் கூச்சல் எல்லாம் உண்டு. 1755 நவம்பரில் காரிக் பிரெஞ்சு நடனக் கலைஞர் நொவேரின் ‘சீனத் திருவிழா’வை மேடையேற்றினார். பிரான்சோடு போர் மூளும் நேரம். கூட்டம் கொதித்துப்போய் அரங்கையே அடித்து நொறுக்கியது. விளம்பரத்தை மட்டும் பார்த்தால் அது இன்னொரு நடன நிகழ்ச்சி, அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி, பணம். நாடகம் எழுதியவருக்குச் சம்பளம் கிடையாது. மூன்றாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள் வசூலில் அரங்கின் செலவு போக மிச்சம் அவருக்கு. இரண்டாம் நாளே படுத்துவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. ஜான் கேயின் ‘பிச்சைக்காரர்களின் ஆப்பரா’ முதல் சீசனிலேயே 62 முறை நடந்து, அவருக்குக் கிட்டத்தட்ட 700 பவுண்டு கொடுத்தது. இது தெரிந்தால், ஒரு புது நாடகம் சரியாக மூன்றாம் நாளோடு நின்றிருப்பதைப் பட்டியலில் பார்க்கும்போது, ஆசிரியருக்காக நண்பர்கள் இழுத்துப்பிடித்து ஓட்டினார்களோ என்று சந்தேகம் வரும். வர வேண்டும்.

[திரையில்: தடித்த தொகுதிகள், பிறகு ஒரு தேடல் பெட்டி]

இதையெல்லாம் நாள்வாரியாகத் தொகுத்த பெரிய வேலை, ‘லண்டன் ஸ்டேஜ்’. 1660 முதல் 1800 வரை. 1960களில் 11 புத்தகங்களாக வந்தது. 1970களில் அமெரிக்காவின் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் பென் ராஸ் ஷ்னைடர் அதைக் கணினியில் ஏற்றினார். கணினிகள் மாறின, அந்தத் தரவும் புழக்கத்திலிருந்து போய்விட்டது. பிறகு மிஞ்சியதைத் தேடி எடுத்துச் சீர்செய்து, 2019இல் இலவசத் தரவுத்தளமாக இணையத்தில் விட்டார்கள். பழைய கோப்பிலிருந்து மீட்டது என்பதால் பிழைகள் உண்டு. முக்கியமான தகவல் என்றால் அச்சுப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

தேதியிலும் ஒரு கண் வேண்டும். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. கேயின் ஆப்பரா முதலில் நடந்தது நம் கணக்கில் 1728 ஜனவரி 29. அன்றைய கணக்கில் அது இன்னும் 1727.

கடைசியாக, பெயர்கள். நோட்டீஸில் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டும்தான். ‘மிஸஸ் சிபர்’ என்று தேடினால் இரண்டு பெண்கள் கலந்து வருவார்கள். நடிகர் தியோஃபிலஸ் சிபரின் முதல் மனைவி ஜேன் 1733இல் இறந்துவிட்டார். 1734இல் அவர் மணந்த சுசன்னா ஆர்ன்தான் பின்னாளில் புகழ்பெற்ற சோக நடிகை. ஆகவே 1732 நோட்டீஸில் மிஸஸ் சிபர் என்றால் அது ஜேன். அதே வருடம் சுசன்னாவைத் தேட ‘மிஸ் ஆர்ன்’ என்று அடிக்க வேண்டும். ஸ்கேன் செய்த செய்தித்தாள்களில் அதுவும் கிடைக்கவில்லையா? அன்றைய அச்சில் எஃப் (f) போலவே தெரியும் ‘நீள எஸ்’ (ſ) எழுத்தைக் கணினி எஃப் என்று படித்துவிடும். ‘மிஃப்ஸ் ஆர்ன்’ என்று அடித்துப் பாருங்கள்.