அம்மாவின் டிவிக்கு ஒரு ஹெட்போன்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காது மந்தமானவர்களுக்கு உதவும் கருவியைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று அழைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்காகப் பேசுகிறேனோ, அவர் காதில் இதில் பாதிதான் விழும். ஆகவே இந்த உரை அவருக்கு இல்லை. கூடத்தில் அவர் வைத்திருக்கும் டிவி சத்தம் தாங்காமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும், புத்தகத்தோடு மாடிப்படிக்குப் போய்விட்ட பேரனுக்கும்தான்.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் டிவி பழுது பார்ப்பவன். படக்குழாய் டிவி காலத்திலிருந்து இதே தொழில். மாதத்துக்கு இரண்டு பேராவது, 'டிவியில் பேச்சே சரியாக வரவில்லை' என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்காது. கூட வந்த பெரியவரிடம், 'எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, ஐயா?' என்று மெல்லிய குரலில் கேட்பேன். 'என்ன?' என்பார். கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஆனால் பழியை முழுக்கக் காதின் மேல் போட முடியாது. 2006-இல் தொடங்கி அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குலப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்தபடி இருக்கும். இன்றைய டிவி இரண்டு விரல் தடிமன்தான். ஸ்பீக்கருக்கு அதில் இடம் இல்லை. அடியிலோ முதுகிலோ ஒட்டிவைத்திருக்கிறார்கள். பேச்சு தரையில் இறங்கி, சிமெண்டுச் சுவரில் மோதி, மின்விசிறிக் காற்றோடு கலந்து நம்மிடம் வருகிறது. படம் தெளிவாகிக்கொண்டே போக, பேச்சு மங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

இனிக் காதுக்கு வருவோம். வயதாகும்போது எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. காதின் உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு பகுதியில், ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்கும் அணுக்கள் வாசலோரம் நிற்பவை. அவைதான் முதலில் தேய்கின்றன. ஆ, ஊ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த ஒலிகளில் நடப்பவை, அவை தப்பிவிடும். க, ச, த, ப என்று சொல்லுக்கு முகம் கொடுக்கும் மெய்யொலிகளில்தான் அடி விழுகிறது. கட்டு, தட்டு, பட்டு, சட்டு என்று நான்கு சொற்களை முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிப் பாருங்கள். நான்கும் அவருக்கு 'அட்டு' என்றே கேட்கலாம். சொல் காதில் விழுகிறது, ஆனால் எந்தச் சொல் என்று தெரிவதில்லை. கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தேய்மானம் நாற்பது வயதிலேயே வரக்கூடும். இரைச்சலால் கெட்ட காதுகளைப் பரிசோதித்தால், 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலி அருகே வரைபடத்தின் கோடு பள்ளத்தில் விழுந்தாற்போல இறங்கியிருக்கும்.

ஒலியளவை 60, 70 என்று ஏற்றினாலும் பயன் இல்லை என்பது இதனால்தான். சினிமாப் பாட்டின் மேளம் பேரிடியாகிறது, பேச்சு அப்படியே இருக்கிறது. இன்னொரு வினோதமும் உண்டு. 'சத்தமாகப் பேசு' என்பார். சற்றே உயர்த்திப் பேசினால், 'ஏன் கத்துகிறாய்?' என்று கோபித்துக்கொள்வார். வீட்டில் இதை வீம்பு என்று நினைக்கிறார்கள். வீம்பு இல்லை. தேய்ந்த காதில் மெல்லிய ஒலி கேட்கவே கேட்காது. ஒரு எல்லையைத் தாண்டியதும் திடீரென்று முழு வேகத்தில் வந்து அடிக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகிவிடுகிறது.

ஹெட்போன் இந்த இடத்தில்தான் உதவுகிறது. அறையின் எதிரொலியையும் மின்விசிறியையும் தாண்டி, டிவிக்குள் இருக்கும் பேச்சை நேரே காதோரம் கொண்டுவந்து வைக்கிறது. எந்த ஹெட்போன் என்பதில்தான் நானே ஏமாந்தேன்.

அம்மா காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார். அவருக்காகப் பளபளப்பான புளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கிப் போனேன். மாலைத் தொடர் ஆரம்பித்தது. இரண்டு நிமிடம் பார்த்தவர் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 'கண்ணு, இவள் வாயை மூடிய பிறகு பேச்சு வருகிறது' என்றார். நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். முதலில் எனக்குத் தெரியவே இல்லை. உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

புளூடூத் ஒலியைச் சுருக்கிப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. மறுமுனை அதைச் சேர்த்துவைத்துப் பிரித்துத் தருகிறது. சாதாரணக் கருவிகளில் இதற்கு 150 முதல் 250 மில்லி நொடி வரை ஆகிவிடும், ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. தென்பெண்ணை ஆற்றின் அக்கரையில், எழுபது மீட்டர் தள்ளி ஒருவர் கல்லில் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்து மேலே எழும்பும்போதுதான் 'தப்' என்ற சத்தம் நம்மிடம் வந்து சேரும். அதே தாமதம்தான் இது. ஒலி உதட்டசைவுக்கு 125 மில்லி நொடிக்கு மேல் பிந்தினால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமே கணக்கு வைத்திருக்கிறது.

பாட்டுக் கேட்பவருக்கு இதனால் நட்டம் இல்லை. காது மந்தமானவருக்குப் பெரிய நட்டம். ஏனென்றால் அவர் பாதிப் பேச்சை உதட்டிலிருந்துதான் எடுக்கிறார். 'ப' சொல்லும்போது உதடு ஒட்டும், 'க' சொல்லும்போது ஒட்டாது. காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்கிறது. இதை யாரும் அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பத்து வருடத்தில் தானாக வந்துவிட்டது. மொழிமாற்றுத் தொடர்களை அவர் ஏன் தொடுவதே இல்லை என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆகையால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. ஒலி எவ்வளவு பிந்துகிறது என்பதே. புளூடூத்தே வேண்டுமென்றால், ஏப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி என்ற வகை ஏறக்குறைய 40 மில்லி நொடியில் முடித்துவிடும். ஆனால் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் பழைய கதைதான். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். செய்தி வாசிப்பவர் முகத்தை வைத்து, கடையிலேயே ஐந்து நிமிடம் பாருங்கள்.

என் கருத்தில் வீட்டுக்குப் பொருத்தமானது, டிவிக்கென்றே தனி அனுப்பியோடு வரும் ரேடியோ அலை ஹெட்போன். டிவி பக்கத்தில் ஒரு சிறு மேடை. ஹெட்போன் அதன் மேல் உட்காரும், சார்ஜும் அங்கேயே ஏறும். தாமதம் அநேகமாகத் தெரியாது. சுவரைத் தாண்டியும் வரும், அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் வசனம் தப்பாது. சில வகைகளில் மெல்லிய 'உஸ்' சத்தம் இருக்கும். அதையும் கேட்டுப் பார்த்தே வாங்குங்கள். அகச்சிவப்புக் கதிர் வகையும் உண்டு. டிவி ரிமோட் போல, அனுப்பிக்கும் தலைக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. வாசல் வழியே வெயில் அடிக்கும் கூடத்தில் தகராறு செய்யும். தாமதம் என்ற பேச்சே அதில் இல்லை. கதவு ஜன்னல் மூடிய சிறிய அறையானால் தாராளமாக வாங்கலாம்.

கடைக்குப் போவதற்கு முன் டிவியின் முதுகைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாமல் வந்து, வாங்கிப் போய், மறுநாள் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். அங்கே மூன்று வகை வாய்கள் இருக்கலாம். ஒன்று, கைபேசி ஹெட்போன் செருகும் வட்டத் துளை. அதில் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும். அம்மா கேட்பார், வீட்டில் மற்றவர்கள் ஊமைப் படம் பார்க்க வேண்டும். இரண்டு, சிவப்பு வெள்ளை வளையங்கள். மூன்று, சின்ன மூடி போட்ட சதுரத் துளை. மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரியும். அதுதான் ஆப்டிகல் வாய். கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான டிவிகளில் அது ரிமோட்டின் ஒலியளவுக்குக் கட்டுப்படாது. நீங்கள் டிவியை 12-இல் வைத்துக்கொள்ளலாம், அம்மா தன் காதில் தன் அளவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டால்பி என்று இருந்தால் பல ஹெட்போன்களில் சத்தமே வராது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். இந்த ஒரு பொத்தானுக்காக ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு.

செட்டாப் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியின் ஒலியை உயர்த்தி வைத்துவிட்டு, டிவியில் கூட்டிக் குறையுங்கள். பெட்டியில் குறைத்தால் ஹெட்போனுக்குப் போகும் ஒலியும் மெலிந்துவிடும்.

அடுத்தது மாட்டிக்கொள்வது. இதை ஆண்கள் யோசிப்பதே இல்லை. காதை முழுக்க மூடும் ஹெட்போன் தோட்டின் திருகாணியை அழுத்தி, அரை மணி நேரத்தில் காது மடல் சிவந்துவிடும். தலைக்கு மேல் போகும் பட்டை கொண்டையில் இடிக்கும். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல மோவாய்க்குக் கீழே தொங்கும் வகை ஒன்று இருக்கிறது. மிக இலேசானது, பூ வைத்த தலைக்கும் இடைஞ்சல் இல்லை. அம்மா கடைசியில் அதைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் காதில் சீழ் வடிபவர்கள் உள்ளே செருகும் எதையும் தொட வேண்டாம்.

சார்ஜ் வயரை அரிசி அளவு துளையில் செருகச் சொல்லி எழுபத்தைந்து வயதுக் கையில் கொடுக்காதீர்கள். மேடையில் வைத்தால் விளக்கு எரிய வேண்டும், எடுத்தால் வேலை செய்ய வேண்டும். ஒலியைக் கூட்ட விரலுக்குத் தட்டுப்படும் ஒரே ஒரு திருகு போதும். இடது, வலது காதுகளுக்குத் தனித்தனியாகச் சரிசெய்யும் வசதியும், கீச்சொலியை மட்டும் உயர்த்தும் வசதியும் இருந்தால் இன்னும் நல்லது. நான் முன்னே சொன்ன 'கட்டு, தட்டு' சிக்கல் அதில்தான் கொஞ்சம் அவிழும்.

ஏற்கெனவே காது கேட்கும் கருவி அணிபவர் என்றால் ஹெட்போன் வாங்கவே வேண்டாமாக இருக்கலாம். பல நிறுவனங்கள் டிவியிலிருந்து நேரே கருவிக்கு ஒலி அனுப்பும் துணைப் பெட்டியைத் தனியே விற்கின்றன. முதலில் கருவி பொருத்தியவரிடம் அதைக் கேளுங்கள். கருவியில் டி-காயில், அதாவது ஒலியைக் காந்த அலையாக வாங்கும் சிறு கம்பிச்சுருள், இருந்தால் டிவியோடு இணைத்துக் கழுத்தில் மாட்டும் வளையம் ஒன்றே போதும். மேலே ஹெட்போன்தான் போட வேண்டும் என்றால் காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியின் மைக்கையும் சேர்த்து மூடும் அளவுக்குக் கிண்ணம் பெரிதாக இருக்கட்டும். சிறியது அழுத்தினால் 'கீ' என்று விசில் அடிக்கும். ஒரே நேரத்தில் பல காதுகளுக்கு ஒலி பரப்பும் ஆரகாஸ்ட் என்ற முறை 2022-இல் அறிவிக்கப்பட்டது. புதிய கருவிகளில் வந்துகொண்டிருக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். காது மந்தமானவர்களுக்கென்று செய்யப்பட்ட சில ஹெட்போன்கள் 120 டெசிபல் வரை போகும். பாட்டியின் ஹெட்போனைப் பேத்தி விளையாட்டாக எடுத்து மாட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நல்ல காதுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கழற்றி வைக்கும்போது திருகைக் குறைத்துவிட்டு வைக்கப் பழக்குங்கள்.

இத்தனைக்கும் முன்னால் காதை ஒருமுறை காட்டிவிடுங்கள். வெறும் குறும்பி அடைத்திருந்து, அதை எடுத்ததும் டிவி ஒலியைப் பாதியாகக் குறைத்த வீடுகளும் உண்டு. ஒரு காது திடீரென்று ஒரே நாளில் கேட்காமல் போனால் ஹெட்போனும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போயாக வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 60 வயது கடந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி கொடுக்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டம் 2017-இல் தொடங்கியது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

அம்மாவின் ஹெட்போன் திருகில், அவருக்குச் சரியான அளவில் என் மனைவி நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்துக் கொடுத்தாள். பொட்டைக் கோட்டுக்கு நேராகத் திருப்பினால் போதும், கண்ணாடி தேட வேண்டாம். பத்து நாள் கழித்து நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். 'தம்பி, அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?' என்று கேட்டார். 'நன்றாகத்தானே இருக்கிறார், ஏன் கேட்கிறீர்கள்?' என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு, 'இல்லை, இந்தப் பத்து நாளாகத் தொடரில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை' என்றார்.

வணக்கம்.