நிறம் பார்ப்பதில்லை என்கிறார்கள்

நேயர்களுக்கு வணக்கம். ரயில்வே வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். புள்ளிப் புள்ளியாக ஓர் அட்டையைக் காட்டி, "என்ன எண் தெரியுது?" என்பார்கள். தெரியவில்லை என்றால் நிறக்குருடு. எஞ்சின் ஓட்ட விடமாட்டார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பல வருஷமாக அடித்துக்கொள்வதும் ஒருவகை நிறக்குருட்டைப் பற்றித்தான். அங்கே அது குறையா, குணமா என்பதுதான் வழக்கு.

"நான் நிறம் பார்ப்பதில்லை, மனுஷனைத்தான் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் நல்ல மனுஷன் என்றுதானே நினைப்போம்? கறுப்பருக்கு ரயிலில் தனிப்பெட்டி ஒதுக்கியது சரிதான் என்று 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஹார்லன் என்ற ஒரே ஒரு நீதிபதி மட்டும், நம் அரசியல் சட்டம் நிறம் அறியாதது என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அன்றைக்கு அது பெரிய துணிச்சல். கிட்டத்தட்ட நூறு வருஷத்தில் அந்த வாக்கியம் கட்சி மாறிவிட்டது! கல்லூரிச் சேர்க்கையில் கறுப்பருக்குச் சலுகை கூடாது என்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டார்கள்.

இடையில் ஒன்று. நம் ஊரில் "பொண்ணு நல்ல நிறம்" என்றால் சிவப்பு என்று அர்த்தம். கறுப்பு ஒரு நிறமே இல்லை போலிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எடுவார்டோ போனிலா-சில்வா என்ற சமூகவியலாளர் 2003-இல் ஒரு புத்தகம் எழுதினார். இனவெறியன் என்று யாருமே தன்னை ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் ஏற்றத்தாழ்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நிறம் பார்ப்பதில்லை என்ற பேச்சே அதற்குத் திரை என்றார். அவருக்கு வெகு முன்பே, 1978-இல், வில்லியம் ஜூலியஸ் வில்சன், கறுப்பரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதில் இனத்தைவிட வர்க்கத்தின் கை ஓங்கிவிட்டது என்று எழுதிப் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இத்தனைக்கும் அவரே கறுப்பர்.

யார் சொல்வது சரி? நான் வகுப்பெடுத்த காலத்தில் இந்த இடத்தில் ஒரு கதை சொல்லாமல் விட்டதில்லை. 2001-இல் டெவா பேஜர் என்ற ஆராய்ச்சி மாணவி, மில்வாக்கி நகரில் நான்கு இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார். இரண்டு வெள்ளையர், இரண்டு கறுப்பர். காட்டிய படிப்பும் அனுபவமும் ஏறக்குறைய ஒன்று. கேட்டதும் பெரிய வேலை இல்லை, ஓட்டலில் பரிமாறுவது, கிடங்கில் மூட்டை அடுக்குவது மாதிரி. வெள்ளையர் ஒரு ஜோடி, கறுப்பர் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் மட்டும், போதைமருந்து வழக்கில் சிறைக்குப் போய் வந்தேன் என்று எழுதிக் கொடுப்பார். அந்த வேஷத்தை இருவரும் முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். மொத்தம் 350 இடங்கள்.

வழக்கே இல்லாத வெள்ளையரை நூற்றுக்கு 34 இடங்களில் திரும்பக் கூப்பிட்டார்கள். சிறை சென்ற வெள்ளையரை 17. வழக்கே இல்லாத கறுப்பரை 14. சிறை சென்ற கறுப்பரை 5. ரேடியோவில் எண் காற்றோடு போய்விடும், அதனால் நடுவில் உள்ள இரண்டை மட்டும் திரும்பச் சொல்கிறேன். சிறைக்குப் போய் வந்தேன் என்ற வெள்ளையருக்கு 17, ஒரு தப்பும் செய்யாத கறுப்பருக்கு 14.

கதை இன்னும் முடியவில்லை. பிற்பாடு அதே முதலாளிகளைத் தொலைபேசியில் பிடித்து, சிறைக்குப் போய் வந்த ஓர் ஆள் வந்தால் வேலை தருவீர்களா என்று கேட்டார்கள். சிலரிடம் வெள்ளையர் என்று சொல்லி, சிலரிடம் கறுப்பர் என்று சொல்லி. இரண்டுக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்! அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிறம் பார்ப்பதில்லை என்று நிஜமாகவே நம்பியிருப்பார்கள். வாய் சொன்னது ஒன்று, கூப்பிட்டது வேறு. பேஜர் நிறம் பார்த்து எண்ணியதால்தான் இது நமக்குத் தெரிகிறது.

அரசாங்கம் இனக் கணக்கே எடுக்கக் கூடாது என்று 2003-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் சங்கம் கணக்கு வேண்டும் என்ற பக்கம் நின்றது. மக்களும் அந்த யோசனையைத் தோற்கடித்தார்கள்.

பிரான்ஸைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன், அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்பதே இல்லை. ஆய்வாளர்கள் அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைப் போட்டால், பிரான்ஸ் என்றுதான் பதில் வரும். வணக்கம்.